எக்ஸ்ட்ரா: துணை நடிகரா, உதிரி நடிகரா?

கதாநாயகன் விருந்து மண்டபத்துக்குள் நுழைகிறான். சுற்றிலும் கோப்பையும் கையுமாக நாற்பது பேர். ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. பழைய ஹாலிவுட்டில் இவர்களுக்கு எக்ஸ்ட்ரா என்று பெயர்.

லத்தீனில் எக்ஸ்ட்ரா என்றால் 'புறம்பே'. ஆங்கிலத்துக்கு வந்தபின் 'கூடுதல்' ஆகிவிட்டது. டீக்கடையில் நாம் கேட்கும் எக்ஸ்ட்ரா சர்க்கரையும் இதுதான். இதற்கு முன்பே மேடை நாடகக்காரர்கள் வைத்திருந்த சொல் 'சூப்பர்'. கணக்குக்கு மேற்பட்டவர் என்று பொருள்படும் சூப்பர்நியூமரரியின் சுருக்கம் அது. நமக்கு சூப்பர் என்றால் ஸ்டார். அங்கே ஈட்டி பிடித்து ஓரமாக நின்றவர். படப்பிடிப்புத் தாள்களில் 'அட்மாஸ்ஃபியர்' என்றும் எழுதினார்கள். ஆளையே சூழல் என்று கணக்கெழுதிவிட்டார்கள்.

இந்த வேலையிலேயே வாழ்நாளைக் கழித்தவர் பெஸ் ஃபிளவர்ஸ். 1898-இல் டெக்சஸில் பிறந்தவர். 1923 முதல் 1964 வரை நடித்த படங்கள் 800-க்கு மேல் என்கிறார்கள். பெரும்பாலானவற்றில் பெயர் போடவில்லை. 'ஹாலிவுட் எக்ஸ்ட்ராக்களின் ராணி' என்பது அவருக்குக் கிடைத்த பட்டம். ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ'வில் எதிர்வீட்டு இசையமைப்பாளர் விருந்து வைக்கிறார் அல்லவா, அங்கே பூடில் நாயோடு வரும் பெண்மணி இவர்தான். சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய படங்களில் ஐந்தில் இருக்கிறார். எந்த நாயகிக்கு இந்தக் கணக்கு வாய்த்தது?

அவருடைய மூலதனம் துணி அலமாரி. மாலை விருந்துக்கான கவுன்களைச் சொந்தமாக வைத்திருந்து உடுத்திவருபவர் 'டிரெஸ் எக்ஸ்ட்ரா'. சாதாரணக் கூட்டத்தில் நிற்பவரைவிட அவருக்குக் கூலி அதிகம். வேலை தேட எக்ஸ்ட்ராக்களுக்குத் தொலைபேசிதான் கதி. ஸ்டூடியோ வாசல் கூட்டத்தையும் தரகர்களின் கமிஷனையும் ஒழிக்க 1925-இல் சென்ட்ரல் காஸ்டிங் என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. வேலை உண்டா என்று அங்கே போன் போட்டால், பெரும்பாலும் வந்த பதில் 'அப்புறம் கூப்பிடுங்கள்'.

சரி, தமிழில் என்ன சொல்வது? பத்திரிகைகள் 'துணை நடிகர்' என்கின்றன. ஆனால் நாயகனின் அண்ணனாகப் படம் முழுக்க வந்து விருது வாங்குபவரும் துணை நடிகர்தானே. அமெரிக்காவில் இப்போது புழங்கும் மரியாதையான பெயரை அப்படியே 'பின்னணி நடிகர்' ஆக்கினால் வேறு குழப்பம்: பின்னணிப் பாடகர் போல, குரல் கொடுப்பவர் என்று நினைத்துக்கொள்வோம். 'ஜூனியர் ஆர்ட்டிஸ்ட்' என்பது நாற்பது வருடம் நடித்த பெஸ்ஸுக்குப் பொருந்துமா?

என் ஓட்டு 'உதிரி நடிகர்' என்பதற்கு. உதிரிப்பூ சரத்தில் கோக்காத பூ. உதிரித் தொழிலாளி நிரந்தர வேலை இல்லாமல் அன்றாடக் கூலிக்குப் போகிறவர். எக்ஸ்ட்ராவின் பிழைப்பு இந்த இரண்டிலும் அடங்கிவிடுகிறது. உதிரிப்பாகம் ஞாபகத்துக்கு வருகிறதே என்று சிலர் முகம் சுளிக்கலாம். எக்ஸ்ட்ரா மட்டும் என்ன கௌரவமான சொல்லா?

1940-களின் நடுவில் இவர்கள் தனிச் சங்கம் கண்டபோது, அதை உருவாக்கியவர்களில் பெஸ்ஸும் ஒருவர். அதைத் 'திரை உதிரி நடிகர் சங்கம்' என்று எழுதிப் பாருங்கள். யாருடைய சங்கம் என்று இரண்டாம் முறை கேட்க வேண்டியதில்லை.