டீஸ்பூன்னா எந்த ஸ்பூன்?

குழந்தைங்க டாக்டரா நான் டெய்லி கேக்குற வார்த்தை டீஸ்பூன். மருந்துக் கணக்குல அது 5 எம்எல், வேற அர்த்தமே கிடையாது. ஆனா ஒரு வீட்ல அது காபித்தூள் டப்பாக்குள்ள கிடக்குற ஸ்பூன், இன்னொரு வீட்ல சாம்பார் பொடி அள்ளுறது, பாட்டி இருந்தா பாலாடை, சில பேர் பாட்டில் மூடி ரொம்ப ஊத்தி அதையும் ஒரு ஸ்பூன்னுதான் சொல்றாங்க.

போன மாசம் ஒரு அம்மா காய்ச்சல் பாப்பாவ தூக்கிட்டு வந்தாங்க. "ஒரு ஸ்பூன்தான் டாக்டர் குடுத்தேன்"னாங்க. ஸ்பூன் பையிலயே இருந்துச்சு, நல்லா குழிவா. சிரிஞ்ச்ல தண்ணி எடுத்து அவங்க முன்னாடியே அதுல விட்டேன், 5 தாண்டிருச்சு, 7 ஆச்சு, 9 எம்எல்லுக்குதான் விளிம்ப தொட்டுச்சு. அந்தம்மா முகமே மாறிப்போச்சு. அவங்க மேல தப்பு இல்லங்க, எம்எல்ல சொல்லாம ஸ்பூன்னு சொல்லி அனுப்புற எங்க மேலதான் தப்பு.

இதுல டேபிள்ஸ்பூன் வேற இருக்கு, அது 15 எம்எல், அதாவது மூணு மடங்கு, ஆஸ்திரேலியாவுல 20. சுருக்கி எழுதுறப்ப ரெண்டுக்கும் ஒரு எழுத்துதான் வித்தியாசம். அதனாலதான் அமெரிக்க குழந்தை மருத்துவர் சங்கம் 2015-லயே ஸ்பூன் கணக்கே வேணாம், எம்எல்ல மட்டும் எழுதுங்கன்னு சொல்லிருச்சு.

பாராசிட்டமால எடுத்துக்கோங்க. 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 எம்ஜி வரைக்கும் குடுக்கலாம். 5 எம்எல்லுக்கு 120 எம்ஜி இருக்குற சிரப்னா அது கிட்டத்தட்ட 6 எம்எல், 250 இருக்குற சிரப்னா 3 எம்எல், ஆனா ஒரு எம்எல்லுலயே 100 எம்ஜி இருக்குற டிராப்ஸ்னா வெறும் ஒன்றரை எம்எல். அந்த டிராப்ஸ, சொட்டு விடுற பில்லர்ல எடுக்காம ஸ்பூன்ல ஊத்தினா என்ன ஆகும்னு பாருங்க, ஒரே வாய்ல 500 எம்ஜி! பேரு ஒண்ணுதானேன்னு பழைய பாட்டில் அளவையே புதுசுக்கும் குடுத்துராதீங்க, மெடிக்கல்ல ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒண்ணு கேட்டு வாங்கி "எத்தன எம்எல்?"னு அங்கயே கோடு போட்டு வாங்கிக்கோங்க.

ஒருவேளை கூட குடுத்துட்டீங்கன்னா, குழந்தை நல்லாத்தான விளையாடுதுன்னு வீட்ல இருக்காதீங்க. பாராசிட்டமால் ஓவராப் போனா மொத நாள் ஒண்ணுமே தெரியாம கூட இருக்கும், கல்லீரல் பாதிப்பு ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சுதான் தெரியும், அத முறிக்கிற மருந்த சீக்கிரம் குடுத்தாதான் நல்லா வேலை செய்யும். உடனே கிளம்பி வாங்க. பாட்டிலயும் எடுத்துட்டு வாங்க, குடுத்த ஸ்பூனையும்.