பாதியாய் நிற்கும் கோவா மணிக்கோபுரம்

பழைய கோவா என்ற ஊரின் குன்றொன்றில் 46 மீட்டர் உயர மணிக்கோபுரம் ஒன்று நிற்கிறது. மேலிருந்து கீழ்வரை பிளந்துவிட்டதுபோல் பாதிதான் மிச்சம். அகுஸ்தினார் சபைத் துறவிகளின் மடத்தோடு சேர்ந்த அருள் அன்னை ஆலயத்துக்கு உரியது. 1602-ல் கட்டி முடித்தார்கள்.

கட்டியது லேட்டரைட் எனப்படும் செம்புரைக்கல்லால். மண்ணுக்குள் ஈரமாக இருக்கும்வரை இதைக் கைக்கருவியாலேயே வெட்டி எடுத்துவிடலாம். வெளியே வந்து காயக் காய, அதிலுள்ள இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் இறுகிக் கெட்டிப்படும். சூளையே தேவையில்லை.

சரி, இந்தக் கல் அத்தனை உயரத்தைத் தாங்குமா? ஒரு கன மீட்டர் செம்புரைக்கல் சுமார் 2 டன் எடை. 46 மீட்டர் நேர்ச்சுவர் என்றால், அடிக்கல்லின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறத்தாழ 9 கிலோ அழுத்தும். கட்டடத்துக்கான செம்புரைக்கல் குறைந்தது 35 கிலோவாவது தாங்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். ஆக, சொந்தப் பாரம் இதை வீழ்த்தியிருக்க முடியாது.

ஆபத்து வேறு இடத்தில் இருந்தது. இந்தக் கல் அமுக்கினால் தாங்கும், இழுத்தால் விரிசல் விடும். உடம்பெல்லாம் துளை என்பதால் தண்ணீரையும் குடிக்கும். அதனால்தான் மேலே சுண்ணாம்புக் காரை பூசுவார்கள். ஆண்டுக்கு 250 செ.மீ.க்கு மேல் மழை கொட்டும் ஊரில் அந்தப் பூச்சுதான் சுவரின் உயிர். அப்புறம், ஆலயத்தின் கல் வளைகூரை தன் எடையால் இருபுறச் சுவர்களையும் வெளிநோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த உதைப்பைத் தடிமனான சுவர்கள்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். சுவர் ஊறி, சாந்து கரைந்தால் அந்தப் பிடி தளர்ந்துவிடும்.

1835-ல் போர்த்துகீசிய அரசு துறவிகளை வெளியேற்றியது. பூச்சைப் புதுப்பிக்க ஆளில்லை. ஏழே ஆண்டில், 1842-ல், வளைகூரை இடிந்தது. பிறகு திறந்து கிடந்த சுவர்களின் தலைவழியே மழை நேராக உள்ளே இறங்கியது. 1931-ல் முகப்பும் கோபுரத்தின் பாதியும் சரிந்தன. 1938-ல் இன்னும் கொஞ்சம் விழுந்தது. கோபுரத்தின் பெரிய மணி மட்டும் இந்தச் சரிவுகளுக்கு முன்பே இறக்கப்பட்டதால் தப்பியது. அகுவாதா கோட்டைக் கலங்கரை விளக்கத்தில் சில காலம் இருந்துவிட்டு, 1871-ல் பஞ்சிம் அமலோற்பவ அன்னை ஆலயத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

இத்தகைய சுவரைப் பழுதுபார்க்கும்போது சிமென்ட் பூசுவது பெரிய தவறு. சிமென்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். கல் பூச்சுக்குப் பின்னால் உதிரும். சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும். சிதைந்தாலும் முதலில் காரைதான் சிதையும், கல் தப்பும்.