கள்ளிப்பாலும் ஈயமும்: இக்போ-உக்வு வெண்கலம் எங்கிருந்து வந்தது?

போன மாதம் ஒரு கல்லூரி மாணவி எழுதிக் கேட்டிருந்தார்: "நைஜீரியாவின் இக்போ மக்களுக்கு ராஜாவே கிடையாது என்று படித்தேன். அப்படியானால் அவர்கள் ஊரில் ராஜ சமாதி மாதிரி ஒன்றைத் தோண்டியெடுத்தார்களே, அது யாருடையது? அவ்வளவு வெண்கலம் எங்கிருந்து வந்தது?" கேட்டது இரண்டு கேள்வி. இரண்டாவதற்கு விடை கிடைத்தால் முதல் முடிச்சு பாதி அவிழ்ந்துவிடும் என்பதால் உலோகத்திலிருந்தே தொடங்குகிறேன்.

தென்கிழக்கு நைஜீரியாவில், இன்றைய அனம்ப்ரா மாநிலத்தில் இருக்கிறது இக்போ-உக்வு என்ற ஊர். 1938-இல் ஐசையா அனோஸி என்பவர் தன் வீட்டு வளவில் தண்ணீர்த் தொட்டி கட்டக் குழி தோண்டினார். மண்ணுக்குள் வெண்கலப் பாத்திரங்கள் தட்டுப்பட்டன. அக்கம்பக்கத்தாருக்குச் சிலவற்றைக் கொடுத்தார், சில கிண்ணங்களில் தன் ஆடுகளுக்குத் தண்ணீர் வைத்தார். சில மாதங்கள் கழித்துத்தான் அங்கே வேலைபார்த்த பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் கேள்விப்பட்டு வந்து பலவற்றை விலைக்கு வாங்கினார். முறையான அகழாய்வு நடக்க இன்னும் இருபது வருடம் ஆனது. 1959-இல் தொல்லியலாளர் தர்ஸ்டன் ஷா தோண்டத் தொடங்கினார். 1964-இல் மறுபடி வந்தார்.

மூன்று இடங்கள் கிடைத்தன. ஒன்று சடங்குப் பொருட்களை அடுக்கி வைத்திருந்த அறை, ஒன்று பொருட்களைப் போட்டு மூடிய குழி. மூன்றாவது, மரப்பலகை பதித்த ஒரு நிலவறை. அதில் ஒரு மனிதரை முக்காலியில் உட்கார்த்தி வைத்துப் புதைத்திருந்தார்கள். தலையில் செம்பில் செய்த மகுடம், மார்பில் செம்புத் தகடு, அருகில் யானைத் தந்தங்கள். அறைக்கு மேலே குறைந்தது ஐந்து பேரின் எலும்புகள். மூன்று இடங்களிலும் சேர்த்து 1,65,000-க்கு மேற்பட்ட மணிகள். கார்பன்-14 கணக்கு நமக்குப் பள்ளியிலேயே பழக்கம், அதனால் விடையை மட்டும் சொல்கிறேன்: சுமார் 1000 ஆண்டுகளுக்கு முந்தையவை இவை.

இங்கேதான் தகராறு. காலக்கணிப்பே தப்பு என்றார்கள் சிலர். அரண்மனை இல்லாத, படை இல்லாத காட்டு ஊர்களில் இப்படி ஒரு வேலைப்பாடு எப்படி வரும்? பக்கத்தில் செம்பு எங்கே இருக்கிறது? உலோகம் சகாராவைத் தாண்டி ஒட்டகத்தில் வந்திருக்க வேண்டும், கூடவே கைத்தொழிலும் வந்திருக்க வேண்டும் என்று பேசினார்கள். கண்ணாடி மணிகள் பல வெளியூர்ச் சரக்குதான், அது உண்மை. அதனால் உலோகமும் அப்படித்தான் என்று முடிவுகட்டுவது சுலபமாக இருந்தது. இந்த இடத்தில் எனக்குக் கோபமே வருகிறது. ஒரு மக்களுடைய கையில் நல்ல பொருளைப் பார்த்ததும் "யாரிடமிருந்து வந்தது?" என்று கேட்கும் பழக்கம், பேய் பிசாசை நம்புவதைவிட மோசமான மூடநம்பிக்கை. அதற்குப் படித்தவர்களின் ஆசீர்வாதமும் இருந்தது.

இதைத் தீர்த்துவைத்தது ஈயம். எப்படி என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது.

இயற்கையில் ஈயம் நான்கு வகை அணுக்களின் கலவை: ஈயம்-204, 206, 207, 208. வேதியியலில் நான்கும் ஒன்றுபோலவே நடந்துகொள்ளும், எடையில் மட்டும் வித்தியாசம். 204 பூமி உருவானபோதே இருந்த சரக்கு, அதன் அளவு கூடாது. மற்ற மூன்றும் கூடிக்கொண்டே போகும். யுரேனியம்-238 சிதைந்து சிதைந்து கடைசியில் ஈயம்-206 ஆகிறது. யுரேனியம்-235 போய் நிற்பது 207-இல். தோரியம்-232 நிற்பது 208-இல். மூன்றின் வேகமும் வேறு. யுரேனியம்-238 பாதியாகக் குறைய சுமார் 447 கோடி ஆண்டு, 235-க்கு 70 கோடி ஆண்டு போதும், தோரியத்துக்கு 1400 கோடி.

ஒரு குடத்தில் கொஞ்சம் தண்ணீர் ஏற்கெனவே இருக்கிறது. மேலே மூன்று குழாய்கள், மூன்று வண்ணச் சாயம், மூன்று வேகத்தில் சொட்டுகின்றன. ஒருநாள் குடத்தை அங்கிருந்து நகர்த்தி மூடி வைத்துவிடுகிறீர்கள். அதற்குப்பின் நிறம் மாறாது. பாறைக்குள்ளும் இதுதான் நடக்கிறது. பூமிக்கடியில் சூடான உப்புநீர் பாறைகளில் இருக்கும் ஈயத்தைக் கரைத்து எடுத்துக்கொண்டு போய் வேறொரு விரிசலில் கனிமமாகப் படியவிடுகிறது. யுரேனியமும் தோரியமும் பெரும்பாலும் பின்தங்கிவிடுகின்றன. குடம் குழாயடியிலிருந்து நகர்ந்தாயிற்று. அந்தக் கணத்தில் இருந்த விகிதம் அப்படியே உறைந்துவிடும். பாறை எவ்வளவு பழையது, அதில் யுரேனியம் எவ்வளவு, தோரியம் எவ்வளவு, எப்போது ஈயம் பிரிந்தது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு சுரங்கத்துக்கும் ஒரு நிறம்.

இதில் என்னை மயக்குவது அடுத்த விஷயம். கொல்லர் அந்தக் கனிமத்தை உலையில் போடுகிறார், உருக்குகிறார், செம்போடும் வெள்ளீயத்தோடும் கலக்கிறார், வார்க்கிறார், அது ஆயிரம் வருடம் மண்ணில் கிடந்து பச்சையாகக் களிம்பேறுகிறது. இவ்வளவு நடந்தும் அந்த விகிதம் அசைவதில்லை. நான்கு அணுக்களும் ஒரே மாதிரி நடந்துகொள்வதால், நெருப்பால் ஒன்றை விட்டு ஒன்றைப் பிரிக்க முடியாது. சில மில்லிகிராம் துருவல் போதும். அணுக்களை எடைவாரியாகப் பிரிக்கும் கருவியான நிறைமானியில் அவற்றை மின்னேற்றி ஒரு காந்தத்தைத் தாண்டி ஓடவிட்டால், எடை குறைந்தது அதிகமாக வளையும், கூடியது குறைவாக வளையும். எத்தனை எங்கே விழுகிறது என்று எண்ணினால் சரி.

இந்த முறைக்கு ஒரு எல்லை உண்டு. "இந்தச் சுரங்கம் இல்லை" என்று உறுதியாகச் சொல்லும், "இந்தச் சுரங்கம்தான்" என்று சொல்ல வேறு துணையும் வேண்டும். பல ஊர்ப் பழைய பாத்திரங்களைச் சேர்த்து உருக்கியிருந்தால் கணக்கு குழம்பிப்போகும். இக்போ-உக்வுவில் துணை இருந்தது. 1980-களிலும் 90-களிலும் நடந்த ஆய்வுகளில் விகிதங்கள் பெனுவே பள்ளத்தாக்குக் கனிமங்களோடு பொருந்தின. ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் பிரிந்தபோது விழுந்த விரிசல் அது. அதன் தென்பகுதியில் அபகாலிகி என்ற இடத்தில் ஈயமும் செம்பும் கிடைக்கின்றன, பழங்காலத்தில் வெட்டியெடுத்த தடயங்களும் உண்டு. இக்போ-உக்வுவிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். உலோகத்தில் வழக்கத்துக்கு மீறி வெள்ளி இருப்பதும் உள்ளூர்க் கனிமம் என்பதற்கே சாட்சி. நைஜீரியாவிலேயே இஃபே, பெனின் என்ற நகரங்களின் பிற்காலத்து வார்ப்புகளில் நிறைய இருக்கும் துத்தநாகமோ இங்கே இல்லை.

சரி, உலோகம் உள்ளூர். தொழில்? அதற்கும் சாட்சி பொருட்களிலேயே இருக்கிறது. மகுடம், மார்புத்தகடு மாதிரி தட்டிச் செய்தவை ஏறக்குறையச் சுத்தச் செம்பு. வார்த்தவை வெள்ளீயமும் ஈயமும் கலந்த வெண்கலம். ஈயம் செம்பில் கரையாது, உள்ளே பொட்டுப் பொட்டாக நிற்கும். சுத்தியலால் அடித்தால் அங்கேயே விரிசல் விடும். ஆனால் அதே ஈயம் உருகிய உலோகத்தை எண்ணெய்போல ஓடவைத்து அச்சின் மூலைமுடுக்கெல்லாம் நிரப்பும். எதைத் தட்ட வேண்டும், எதை வார்க்க வேண்டும் என்று தெரிந்து, அதற்கேற்ப உலோகத்தைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அதே நேரத்தில், மத்தியதரைக்கடல் பக்கத்துக் கொல்லர்களுக்குச் சர்வசாதாரணமான பற்றவைப்பும் ஆணியறைந்து இணைப்பதும் இங்கே காணோம். வெளியிலிருந்து வந்த ஆசான் சொல்லிக்கொடுத்திருந்தால் அவற்றையும்தானே சொல்லிக்கொடுத்திருப்பார்?

கயிறு கட்டிய பானை என்று ஒன்று இருக்கிறது, படத்தைத் தேடிப் பாருங்கள். ஓரடி உயரம். பீடத்தின்மேல் ஒரு தண்ணீர்ப்பானை, அதைச் சுற்றி உறிபோலப் பின்னிய கயிறு. கயிற்றின் முறுக்கு தெரிகிறது, முடிச்சு தெரிகிறது. பானையை ஒட்டாமல் விலகி நிற்கிறது கயிறு, இடுக்கில் வெளிச்சம் வருகிறது. அத்தனையும் வெண்கலம். பகுதி பகுதியாக வார்த்து, உருகிய உலோகத்தையே ஊற்றி இணைத்திருக்கிறார்கள். நூலளவு மெல்லிய கோடுகளைப் பார்த்துவிட்டு, மாதிரி உருவைத் தேன்மெழுகில் பிடித்திருக்க முடியாது, கள்ளிப்பாலில்தான் இழுத்திருப்பார்கள் என்று சில அறிஞர்கள் கருதுகிறார்கள். சூட்டில் மெழுகு இளகித் தொய்யும். கள்ளிப்பாலோ இழுத்தால் நூலாக வரும், அப்படியே இறுகும். அந்த ஊர்களில் வேலிக்கு நடும் செடியே கள்ளிதான் என்பதால் எனக்கும் இதில் நம்பிக்கை உண்டு. இன்னொரு பாத்திரம் கடற்சங்கு வடிவம். மேலே ஒரு சிறுத்தை நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாமல் சங்கின் பரப்பை உற்றுப் பாருங்கள்: ஈக்கள் உட்கார்ந்திருக்கும்.

இனி முதல் கேள்வி. அந்த நிலவறை மனிதர் யார்?

சில வெண்கல முகங்களில் நெற்றியிலிருந்து கன்னம்வரை இணைகோடுகள் கீறியிருக்கின்றன. இதற்கு இக்போ மொழியில் இச்சி என்று பெயர். நிரி என்ற பக்கத்து ஊரோடு சேர்ந்தது இந்த வழக்கம், கடந்த நூற்றாண்டுவரை உயிரோடு இருந்தது. எஸே நிரி என்ற பூசாரி-அரசரின் ஊர் அது. அவரையோ, ஓஸோ மாதிரி உயர்ந்த பட்டம் எடுத்த ஒருவரையோதான் உட்கார்த்திப் புதைத்திருக்கிறார்கள் என்று பல ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள்.

"இக்போ என்வே எஸே" என்று அவர்களே சொல்வார்கள், இக்போவுக்கு அரசன் இல்லை என்று பொருள். பிறகு இந்த எஸே நிரி? அவரிடம் படை கிடையாது, வரி வசூலிக்க ஆள் கிடையாது. நிலத்தாய் அலாவுக்கு ஆகாத காரியம் ஒன்று ஓர் ஊரில் நடந்துவிட்டால், தன் இனத்தான் ஒருவனைக் கொல்வதுபோல, அந்த ஊருக்குத் தீட்டு. தீட்டை எடுக்க நிரிக்காரர்கள்தான் வர வேண்டும். முகத்தில் இச்சி, கையில் சடங்குக் கோல், இரண்டும் இருந்தால் சண்டை நடக்கும் ஊர்களுக்கு நடுவிலும் அவர்கள் தைரியமாக நடந்து போகலாம், யாரும் கைவைக்க மாட்டார்கள். வள்ளிக்கிழங்கு விளைச்சலுக்கான மந்திரமும் பட்டம் கொடுக்கும் உரிமையும் அவர்களிடம். ஊரை ஒதுக்கிவைத்துவிட்டால் வணிகம் முடங்கும். வாள் தேவைப்படவில்லை.

இதைப் புகழ்ந்து எழுதும்போதே ஒன்றையும் மறைக்கக் கூடாது. இதே "ஆகாது" பட்டியலில்தான் இரட்டைக் குழந்தைகளும் இருந்தார்கள். பிறந்ததும் காட்டில் விட்டுவிடுவார்கள். நிலவறைக்கு மேலே கிடந்த ஐந்து பேரும் விரும்பி வந்தவர்களாக இருக்க முடியாது.

அன்றாடக் காரியங்களை உமுன்னா பார்த்துக்கொள்ளும். ஒரே தகப்பன் வழியில் வந்தவர்களின் கூட்டம் அது. மூத்தவரான ஒக்பாராவின் கையில் ஓஃபோ என்ற கோல் இருக்கும், அதைத் தரையில் தட்டிச் சொன்ன சொல்லுக்கு முன்னோர் சாட்சி. கல்யாணமாகி வெளியூர் போன பெண்கள் சேர்ந்தால் உமுஆடா. பிறந்தவீட்டுத் தகராறுகளில் அவர்கள் சொல்லுக்குத் தனி எடை உண்டு. கிழமை நான்கு: எகே, ஓரியே, அஃபோ, என்க்வோ. பக்கத்துப் பக்கத்து ஊர்கள் வெவ்வேறு கிழமையில் சந்தை கூட்டும், அதனால் நடக்கும் தூரத்தில் ஏதாவது ஒரு சந்தை தினமும் இருக்கும். ஏழு வாரம் சேர்ந்தால் 28 நாள், ஒரு மாதம். ராஜபாட்டை இல்லாமலே அபகாலிகிப் பக்கத்து ஈயம் சந்தை சந்தையாகக் கைமாறி இங்கே வந்து சேர இந்தச் சுழற்சி ஒரு வழியாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

பிரிட்டிஷ்காரர்களுக்கு இது பிடிபடவே இல்லை. தலைவன் யாரென்று தேடினார்கள், கிடைக்காததால் சீட்டு எழுதிக் கொடுத்துத் தலைவர்களை உண்டாக்கினார்கள். 1911-இல் எஸே நிரியை வரவழைத்து அவருடைய தடைகளையெல்லாம் ரத்துசெய்ய வைத்தார்கள். 1929-இல் பெண்களுக்கும் வரி வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியபோது ஆயிரக்கணக்கான பெண்கள் அந்தச் சீட்டுத் தலைவர்களின் வாசலில் போய் உட்கார்ந்து பாடினார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

நிரி மக்கள் சொல்லும் தோற்றக் கதை ஒன்று உண்டு. வானத்திலிருந்து கடவுள் சுக்வு அனுப்பிய எரி என்பவர் அனம்ப்ரா ஆற்றுப் பக்கம் வந்து இறங்கினார். பூமி சேறாகக் கிடந்தது, கால் வைக்க இடமில்லை. அப்போது சுக்வு ஆவ்கா என்ற ஊரிலிருந்து ஒரு கொல்லரை அனுப்பினார். அவர் துருத்தியை ஊதி ஊதி நிலத்தைக் காயவைத்தார், அதற்குப் பிறகுதான் எரி குடியேறினார். கதையை வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் இந்த ஊரின் நினைவில், பூசாரி-அரசரின் முப்பாட்டனுக்கு நிற்க இடம் செய்துகொடுத்தவர் ஒரு கொல்லர்.

சில மில்லிகிராம் துருவலுக்கு இவ்வளவு விலையுள்ள கருவியா, பசித்தவனுக்கு இதனால் என்ன என்று கேட்பவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். முன்னோர் கையை இன்னொருவன் கை என்று எழுதிவைத்திருந்ததை அந்தக் கருவி அடித்துத் திருத்தியது. இதற்குச் செலவழிக்காமல் வேறு எதற்குச் செலவழிப்பது?

மண்ணில் கிடைத்தவற்றில் துணித் துண்டுகளும் உண்டு. அந்த ஈர மண்ணில் துணி சில வருடம்கூடத் தாங்காது. ஆனால் செம்பிலிருந்து கசியும் உப்பு நுண்ணுயிரிகளுக்கு நஞ்சு. அதனால் வெண்கலத்தை ஒட்டிக் கிடந்த இடத்தில் மட்டும், உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுக்கு, செடி நாரில் நெய்த துணி பச்சை பிடித்துப்போய் அப்படியே நிற்கிறது. ஊடும் பாவும் எண்ணலாம்.