சுழலும் பர்ஸுக்குக் காப்புரிமை கிடைக்குமா?

ஆம்பூரில் தோல் பொருட்கள் தைக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “கார்டு உறைகளை ஒரு மூலையில் ரிவெட் போட்டு இணைத்து, விசிறி மாதிரி சுழன்று வெளியே வரும்படி ஒரு பர்ஸ் செய்திருக்கிறேன். இதற்கு பேட்டன்ட் வாங்க முடியுமா?”

படம் எதுவும் அனுப்பவில்லை. நல்ல காரியம் செய்தார். விண்ணப்பம் போடுவதற்கு முன்பே ஒரு யோசனை அச்சில் வந்துவிட்டால் அது புதுமை இல்லை என்று ஆகிவிடும், வெளியிட்டது கண்டுபிடித்தவரே ஆனாலும். அமெரிக்காவில் சொந்த வெளியீட்டுக்கு ஓர் ஆண்டு அவகாசம் தருகிறார்கள். நம் சட்டத்தில் அரசு அறிவித்த கண்காட்சி, கற்றறிந்தோர் சங்கத்தில் படித்த கட்டுரை போன்ற சில விஷயங்களுக்கு மட்டும்தான் 12 மாதச் சலுகை. ஆகவே இந்தக் கட்டுரையில் வரும் பர்ஸ் அவருடையது இல்லை. யாரும் கற்பனை செய்யக்கூடிய, பொதுவான ஒரு சுழல் பர்ஸ்.

காப்புரிமைக்கு மூன்று வாசல்கள் உண்டு என்பது பலருக்கும் தெரிந்திருக்கும். புதிதாக இருக்க வேண்டும், தொழிலில் பயன்பட வேண்டும், துறை தெரிந்த ஒருவருக்கு எளிதில் தோன்றிவிடாததாக இருக்க வேண்டும். பயன்பாடு பற்றிப் பேச ஒன்றுமில்லை, பர்ஸ் பயன்படும். புதுமையும் ஓரளவு சமாளிக்கக்கூடியதுதான். உங்கள் சாதனத்தின் எல்லா அம்சங்களும் ஒரே பழைய ஆவணத்தில் சேர்ந்து இருந்தால்தான் புதுமை போகும். ஏதாவது ஒரு அம்சம் மாறினாலும் அந்த வாசலைத் தாண்டிவிடலாம். ஆள் மாட்டிக்கொள்வது மூன்றாவது வாசலில்தான்.

சுழலும் அடுக்கு என்பது மிகப் பழைய யோசனை. விசிறி இருக்கிறது. பெயின்ட் கடையில் நிறம் காட்டும் அட்டைக்கொத்து இருக்கிறது. சிறு இடைவெளிகளை அளக்க மெக்கானிக் வைத்திருக்கும் ஃபீலர் கேஜில், மெல்லிய எஃகுத் தகடுகள் ஒரே திருகாணியில் கோத்து, வேண்டியதை மட்டும் வெளியே இழுக்கும்படி இருக்கும். கார்டு வைக்கும் உறையும் பழசு. பழசும் பழசும் சேர்ந்தால் புதுசு ஆகுமா?

இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1970 இதற்கென்றே ஒரு பிரிவு வைத்திருக்கிறது, 3(எஃப்). தெரிந்த சாதனங்களை வெறுமனே அடுக்கினாலோ, மாற்றி அடுக்கினாலோ, ஒன்றை இரண்டாக்கினாலோ, அவை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்த முறையிலேயே வேலை செய்துகொண்டிருந்தால், அது கண்டுபிடிப்பு ஆகாது. ‘தனித்தனியாக’ என்ற நிபந்தனையில்தான் நம் பர்ஸின் தலைவிதி இருக்கிறது.

மிர்சாபூரில் பித்தளைப் பாத்திரம் செய்த ஒரு நிறுவனத்தின் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே தட்டுகளைக் கடைசல் எந்திரத்தில் சுழல விட்டுத்தான் சுரண்டி மெருகேற்றுவார்கள். ஒரு பக்கம் மட்டும் பிடித்திருந்ததால், வேகத்தில் தட்டு கழன்று பறந்துவிடும். பக்கத்தில் நிற்கிற தொழிலாளிக்கு ஆபத்து. எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு முனை வந்து தட்டை அழுத்திப் பிடிக்கும்படி ஓர் ஏற்பாடு செய்து, 1951-இல் காப்புரிமைக்குப் போனார்கள். கிடைத்தது. போட்டி நிறுவனத்தோடு வழக்கு நடந்து, 1978-இல் உச்ச நீதிமன்றம் அந்தக் காப்புரிமை செல்லாது என்று முடித்தது. எதிர்முனையால் அழுத்திப் பிடிப்பது கடைசல் பட்டறையில் ஏற்கெனவே தெரிந்த விஷயம், தெரிந்ததைத் தெரிந்த வேலைக்குப் பயன்படுத்தியதில் கண்டுபிடிக்கும் திறமை எதுவும் இல்லை என்பதுதான் சாரம். சாதனம் நன்றாக வேலை செய்தது, ஆளைக் காப்பாற்றியது, எல்லாம் சரி. அது போதவில்லை.

இப்போது இதற்கு நேர் எதிரான ஒன்று. அமெரிக்காவில் ஆடம்ஸ் என்பவர் செய்த பேட்டரி. ஒரு முனை மக்னீசியம், மறுமுனை குப்ரஸ் குளோரைடு, தண்ணீர் ஊற்றினால் மின்சாரம். இரண்டு பொருளும் பேட்டரித் துறையில் அறியப்பட்டவைதான், துத்தநாகத்துக்கும் சில்வர் குளோரைடுக்கும் பதிலாக இவற்றைப் போட்டதில் என்ன அதிசயம் என்று அரசுத் தரப்பு வாதாடியது. ஆனால் ராணுவத்தின் நிபுணர்களே முதலில் அது வேலை செய்யாது என்று ஒதுக்கியிருந்தார்கள். சேர்க்கை தந்த விளைவு யாரும் எதிர்பார்க்காதது. 1966-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஆடம்ஸ் பக்கம் நின்றது.

ஆக, விண்ணப்பத்தைச் சோதிக்கும் காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் பர்ஸைப் பார்த்துக் கேட்கப்போகும் கேள்வி இதுதான்: சுழற்சியும் உறையும் சேர்ந்தபின், இரண்டும் தனித்தனியாகச் செய்யாத எதையாவது செய்கின்றனவா? “கார்டை எளிதாக எடுக்கலாம்” என்பது பதில் ஆகாது. அது ஃபீலர் கேஜ் செய்கிற வேலை.

இதை வெறும் சட்டமாகப் பார்த்தால் சலிப்புதான். நான் வழக்கறிஞரும் இல்லை. ரிவெட்டுக்குள் போய்ப் பார்ப்போம், அங்கே ஒரு அழகான இயற்பியல் ஒளிந்திருக்கிறது.

ஆறு உறைகள், ஒரு ரிவெட். மூன்றாவது உறையை மட்டும் வெளியே இழுக்கிறீர்கள். என்ன நடக்கும்? ஃபீலர் கேஜ் பிடித்துப் பழகியவர்களுக்குத் தெரியும், பக்கத்துத் தகடும் கூடவே வரும். அழுக்கு, எண்ணெய் என்று ஏதாவது காரணம் சொல்வோம். ஆனால் சுத்தமாகத் துடைத்தாலும் வரும்.

ரிவெட் அடுக்கை ஒரு விசையால் அழுத்துகிறது. அந்த விசை முதல் உறையிலிருந்து இரண்டாவதுக்கு, இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு என்று முழுசாகக் கடந்து போகிறது. உறையின் எடையெல்லாம் இதற்கு முன் ஒன்றுமில்லை. அதாவது உறையும் உறையும் தொடும் ஒவ்வொரு இடைமுகத்திலும் அழுத்தும் விசை ஒன்றுதான். பரப்புகளும் ஒரே மாதிரி என்றால், உராய்வு தாங்கும் உச்ச முறுக்கு விசையும் எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

மூன்றாவது உறை தனியாகச் சுழல, இரண்டு இடங்களில் வழுக்க வேண்டும்: அதன் மேலே ஒன்று, கீழே ஒன்று. சரி, மூன்றாவது உறை இரண்டாவதையும் கூட்டிக்கொண்டு வந்தால்? அப்போதும் இரண்டு இடங்களில்தான் வழுக்கல்: முதலுக்கும் இரண்டுக்கும் நடுவே, மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே. தேவைப்படும் முறுக்கு விசை அதேதான். மூன்று, நான்கு, ஐந்து, ஆறு எல்லாம் சேர்ந்து வந்தால்? அப்போதும் இரண்டே இடங்கள் (இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே, ஆறுக்கும் ரிவெட் தலைக்கும் நடுவே), அதே விசை. ஒன்றை மட்டும் நகர்த்துவதும் நாலைச் சேர்த்து நகர்த்துவதும் இயற்கைக்கு ஒரே விலை! எந்தப் பக்கம் சாய்வது என்று முடிவு செய்வது, எங்கேயோ இருக்கும் துளியூண்டு சொரசொரப்பு.

அதோடு நிற்கவில்லை. நிலை உராய்வை விட இயக்க உராய்வு குறைவு என்று பத்தாம் வகுப்பு வாக்கில் படித்திருப்போம். முதலில் எந்த இடம் வழுக்கத் தொடங்குகிறதோ, அந்த இடம் அந்தக் கணத்திலிருந்து பலவீனமாகிவிடுகிறது. அப்புறம் அதுவேதான் வழுக்கிக்கொண்டிருக்கும். தொடக்கத்தில் தற்செயலாக நடந்தது கடைசிவரை நிலைத்துவிடுகிறது. ரிவெட்டை இறுக்கினால் சரியாகுமா என்றால், ஆகாது. இறுக்கினால் எல்லா இடைமுகமும் ஒரே அளவில்தான் இறுகும், போட்டி முன்பு போலவே சமனில் நிற்கும், விரல்தான் வலிக்கும். தளர்த்தினாலும் அதே கதைதான், கூடவே உறைகள் தொளதொளவென்று ஆடும்.

இதற்கு ஒரு வழி: ரிவெட் தண்டை வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் தட்டையாகச் சீவிவிடுவது. அதே வடிவத் துளை கொண்ட மெல்லிய வாஷர்களை ஒவ்வொரு உறைக்கும் நடுவில் போடுவது. உறையின் துளை வட்டம், ஆகவே உறை சுழலும். வாஷரின் துளை தட்டை, ஆகவே வாஷர் சுழலாது. இப்போது மூன்றாவது உறை சுழலும்போது அது உரசுவது அசையாத வாஷரை. இரண்டாவது உறைக்குத் தகவலே போகாது. உராய்வு அப்படியேதான் இருக்கிறது, உறை நின்ற இடத்தில் நிற்கவும் அது உதவுகிறது. ஆனால் அது பக்கத்து வீட்டுக்குக் கடத்தப்படுவதில்லை.

இந்த வாஷர் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் பரிசோதகருக்குப் பிடிக்க வேண்டுமே. அவர் பைக் கிளட்சை எடுத்துக் காட்டலாம். பல தட்டு கிளட்சில் ஒன்றுவிட்டு ஒன்று தட்டுகள் நடுத்தண்டோடு பூட்டப்பட்டிருக்கும், மற்றவை வெளிக்கூட்டோடு. தண்டோடு பூட்டிய தட்டு புதிதல்லவே என்பார். அதற்குப் பதில் உண்டு: கிளட்சில் அப்படி அடுக்குவது சுழற்சியைக் கடத்துவதற்கு, பர்ஸில் அடுக்குவது கடத்தாமல் இருப்பதற்கு. நோக்கம் தலைகீழ். இருந்தாலும், சுழலும் மூட்டில் சுழலாத வாஷர் போடுவது பட்டறைகளில் வழக்கம்தானே என்று அவர் திருப்பிக் கேட்டால் வாதம் இழுபறிதான். இதை மட்டும் நம்பி நான் விண்ணப்பிக்க மாட்டேன்.

வாஷரோடு இன்னொன்றைச் சேர்த்துப் பாருங்கள். வங்கிக் கார்டின் அளவு உலகம் முழுக்க ஒன்று: 85.60 மி.மீ. நீளம், 53.98 மி.மீ. அகலம், 0.76 மி.மீ. தடிமன். தட்டிப் பணம் செலுத்தும் கார்டுகளில் விளிம்பை ஒட்டி மெல்லிய கம்பிச்சுருள் ஓடுகிறது. கடைக்காரரின் கருவி 13.56 மெகாஹெர்ட்ஸில் காந்தப்புலத்தை உண்டாக்க, அதிலிருந்தே கார்டு மின்சாரம் எடுத்துக்கொள்கிறது. நம் ஊரில் 2021 ஜனவரியிலிருந்து ரூ. 5,000 வரை பின் எண் இல்லாமல் இப்படிச் செலுத்தலாம். பர்ஸில் இரண்டு கார்டு ஒட்டி இருந்தால் இரண்டும் விழித்துக்கொள்ளும், ஒன்றின் சுருள் மற்றதன் ஒத்ததிர்வைக் கெடுக்கும், கருவி குழம்பி ஒரே ஒரு கார்டைக் காட்டச் சொல்லும்.

சுழலச்சு உறையின் குறுகிய பக்கத்தின் நடுவில் இருந்தால், 90 டிகிரி திருப்பினாலும் அரை அகலம், அதாவது சுமார் 27 மி.மீ., மற்ற கார்டுகள் மேலேயே கிடக்கும். அச்சு சரியாக மூலையில் இருந்தால் 90 டிகிரியில் கார்டு அடுக்கை விட்டு முழுசாக வெளியே போய்விடும். தாளில் வரைந்து பாருங்கள், தெரியும். இனி அந்த அசையாத வாஷர்களை உறை அளவுக்குப் பெரிதாக்கி அலுமினியத் தகடாகச் செய்துவிட்டால்? அலுமினியத்தில் எழும் சுழல் மின்னோட்டம் கருவியின் புலத்தை எதிர்க்கும், உள்ளே இருக்கும் கார்டுகள் தூங்கும். வெளியே சுழன்று வந்த ஒன்று மட்டும் பேசும். ஒரே தகடு உராய்வு பக்கத்துக்குக் கடத்தப்படுவதையும் தடுக்கிறது, மின்காந்தப் புலத்தையும் தடுக்கிறது, சுழற்சி ஒரு ஸ்விட்ச் ஆகிவிடுகிறது. அச்சை மூலையிலிருந்து நகர்த்தினால் இந்த ஸ்விட்ச் கெட்டுப்போகும். அம்சங்கள் ஒன்றையொன்று நம்பி இருக்கின்றன. 3(எஃப்) கேட்கும் ‘தனித்தனியாக’ என்ற நிபந்தனை இங்கே பொருந்துவது கடினம்.

இதை அச்சில் போட்டதும் இந்தச் சேர்க்கை இனி யாருக்கும் புதிதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆம்பூர்க்காரர் மன்னிக்க வேண்டும், அவருடையது வேறாகத்தான் இருக்கும் என்று நம்புகிறேன்.

படித்தபின் “இவ்வளவுதானா?” என்று தோன்றியதா? அந்த உணர்வு ஆபத்தானது, பரிசோதகருக்கும் தோன்றும். அமெரிக்காவில் பூசணிக்காய் முகம் வரைந்த ஆரஞ்சு நிறக் குப்பைப் பைக்குக் காப்புரிமை கேட்டார்கள். குழந்தைகளின் கைவினைப் புத்தகத்தில் காகிதப் பையில் பூசணி முகம் இருக்கிறது, பிளாஸ்டிக் பையும் இருக்கிறது, அவ்வளவுதானே என்று அலுவலகம் மறுத்தது. 1999-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இரண்டையும் சேர்க்கத் தோன்றியிருக்கும் என்பதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டு அந்த முடிவைத் தள்ளியது. 2007-இல் கார் பெடல் வழக்கு ஒன்றில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இந்தக் கண்டிப்பைத் தளர்த்தி, துறை தெரிந்தவருக்குக் கொஞ்சம் சொந்தப் புத்தியும் உண்டு என்றது. ஊசல் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது.

இன்னொரு ஊசலும் இருந்தது. 1941-இல் காரில் சிகரெட் பற்றவைக்கும் கருவி பற்றிய வழக்கில், கண்டுபிடிப்பு மேதைமையின் மின்னலாக இருக்க வேண்டும் என்றது அதே அமெரிக்க உச்ச நீதிமன்றம். 1952-இல் சட்டத்தை எழுதியபோது, எப்படிக் கண்டுபிடித்தார் என்பது கணக்கில் வராது என்று அதை நீக்கிவிட்டார்கள். நம்மிடம் அந்த மின்னல் நம்பிக்கை இன்னும் போகவில்லை. கனவில் தெரிந்தது, அருள் கிடைத்தது என்றால் கைதட்டுவோம். ஆறு மாதம் வாஷர் மாற்றி மாற்றிப் பார்த்தேன் என்றால் கொட்டாவி விடுவோம். கல்லூரிகள் இதற்கு அடுத்த படிக்குப் போய்விட்டன. தரவரிசையில் காப்புரிமை எண்ணிக்கைக்கு மதிப்பெண் உண்டு என்பதால், செய்து பார்க்காத சாதனங்களுக்கெல்லாம் விண்ணப்பம் பறக்கிறது. அந்தக் கட்டணப் பணத்தில் மாணவர்களுக்கு ஒரு நல்ல கடைசல் எந்திரம் வாங்கிப் போட்டால், எண்ணிக்கை குறையும், சரக்கு இருக்கும்.

வாசகருக்கு நடைமுறை விஷயங்கள். முதலில் தேடுங்கள். எஸ்பாசெநெட், கூகுள் பேட்டன்ட்ஸ் என்ற காப்புரிமைத் தேடல் தளங்கள் இரண்டும் இலவசம். பர்ஸ் வகையறா ஏ45சி என்ற வகுப்பில் இருக்கும், ஆனால் விசிறி, கருவிகள், கோப்பு அடுக்குகள் இருக்கும் வகுப்புகளிலும் பாருங்கள், பரிசோதகர் அங்கேயும் போவார். பர்ஸின் தோற்றம்தான் உங்கள் பலம் என்றால் வடிவமைப்புப் பதிவு போதும். 10 ஆண்டு, பிறகு 5 ஆண்டு நீட்டிப்பு. ஆனால் அது உள்ளே இருக்கும் வேலைப்பாட்டைக் காக்காது.

காப்புரிமைதான் என்றால், தனிநபர் இணையவழியில் விண்ணப்பிக்க ரூ. 1,600, பரிசோதனைக் கோரிக்கைக்கு ரூ. 4,000. முகவர் கட்டணம் தனி. முதலில் தற்காலிக விவரக்குறிப்பு (கண்டுபிடிப்பை விவரிக்கும் ஆவணம்) கொடுத்து தேதியைப் பிடித்துக்கொண்டு, 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு தரலாம். அந்த அவகாசத்தில் இரண்டு மாதிரி செய்யுங்கள், உங்கள் புது அம்சம் இருப்பது ஒன்று, இல்லாதது ஒன்று. ஒரு உறையை 90 டிகிரி இழுத்துவிட்டுப் பக்கத்து உறைகள் எத்தனை டிகிரி நகர்ந்தன என்று கோணமானியால் அளந்து, திரும்பத் திரும்பச் செய்து, அட்டவணை போட்டு முழு விவரக்குறிப்பில் சேருங்கள். பரிசோதனை அறிக்கையில் 3(எஃப்) ஆட்சேபணை வந்தால், பதில் எழுதும் முகவர் முதலில் கேட்பது அந்த அட்டவணையைத்தான்.