மாற்றுத்திறனாளி: சொல் விளக்கம்

'மாற்றுத்திறனாளி'க்கு முன் வழங்கிய 'ஊனம்' வடமொழியிலிருந்து வந்த சொல். 'ஊன' என்றால் அங்கே குறைந்தது என்று பொருள். தசையைக் குறிக்கும் 'ஊன்' வேறு. ஆகவே 'ஊனமுற்றவர்' என்று சொன்னாலே அது குறைபட்டவர் என்று ஆகிவிடுகிறது.

அதற்கு முந்தைய தமிழ்ச் சொற்களும் மேலானவை அல்ல. புறநானூறு 28ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சிதடு, கூன், குறள், ஊம், செவிடு என்று அடுக்கிச் செல்கிறார். சிதடு என்பது பார்வையின்மை, குறள் என்பது குள்ள உருவம், ஊம் என்பது பேச்சின்மை. இவற்றை 'எண்பேர் எச்சம்', அதாவது எட்டு வகை எச்சம், என்ற பட்டியலில் வைக்கிறது பாட்டு. எச்சம் என்றாலும் குறைதான். தொல்காப்பியம் இன்னும் வெளிப்படை: இப்படிப்பட்ட 'உறுப்பின் கிளவி', அதாவது உறுப்புக் குறையைச் சொல்லும் சொல், மனிதரைக் குறித்தாலும் அஃறிணை முடிபு கொள்ளும் என்கிறது. அதாவது ஆள் 'வந்தார்' அல்ல, 'வந்தது'. 'குருடு', 'நொண்டி' என்று இன்றும் ஒருவரைக் கூப்பிடும்போது அந்த அஃறிணைதான் வாயில் இருக்கிறது. எனக்கு இது வெறும் இலக்கணச் செய்தியாகப் படவில்லை.

'மாற்றுத்திறனாளி' தமிழ்நாட்டில் அரசு வழக்கானது கருணாநிதி முதலமைச்சராக இருந்த 2006–2011 ஆட்சிக்காலத்தில். இவர்களுக்கான அரசுத் துறையின் பெயரே மாறியது. கடைசியில் '-ஆளி' வருவதால் சொல் உயர்திணையில் நிற்கிறது. அது பெரிய மாற்றம். இலங்கையில் 'மாற்றுவலுவுள்ளோர்', 'விசேட தேவையுடையோர்' என்றும் எழுதுகிறார்கள்.

சரி, இதில் குறையே இல்லையா? இருக்கிறது. 'மாற்றுத்திறன்' என்றதும் பார்வையற்றவர் நன்றாகப் பாட வேண்டும், கையில்லாதவர் காலால் வரைய வேண்டும் என்று ஊர் எதிர்பார்க்கிறது. சாய்தளம் இல்லாத பேருந்து நிலையம் பேச்சில் வருவதே இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்து 2006இல் ஐ.நா. ஏற்ற உடன்படிக்கை, உடல்நிலையும் சமூகத்தின் தடைகளும் மோதும் இடத்தில்தான் இயலாமை உருவாகிறது என்கிறது. இந்தியா 2007இல் அதை ஏற்றது. 2015 டிசம்பரில் பிரதமர் மோடி முன்வைத்த 'திவ்யாங்', அதாவது தெய்வீக உறுப்புடையவர், என்ற சொல்லை உரிமை அமைப்புகள் பல எதிர்த்ததற்கும் இதுவே காரணம். அவர்கள் கேட்டது உரிமை, தெய்வீகம் அல்ல.

எழுதுவோர் பொதுவாக 'மாற்றுத்திறனாளி' என்றே எழுதலாம். தமிழ்நாட்டு உரிமைச் சங்கங்களும் அந்தப் பெயரில்தான் போராடுகின்றன. குறிப்பாகச் சொல்லும்போது பார்வையற்றவர், காது கேளாதவர், அறிவுசார் குறைபாடுள்ளவர். 'மனவளர்ச்சி குன்றியவர்' வேண்டாம். 'சக்கர நாற்காலியில் முடங்கியவர்' என்பதும் தவறு, அவர் அதில்தான் வெளியே போய் வருகிறார்: 'சக்கர நாற்காலி பயன்படுத்துபவர்'. அப்புறம், செய்திக்குத் தேவையில்லை என்றால் இவற்றில் எதையுமே குறிப்பிட வேண்டியதில்லை, பெயர் போதும்.