பென்டிரைவோடு நேரில் பேசும் புரோகிராம்

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் கைவைக்காமல், சாதாரண சி புரோகிராமே பென்டிரைவைப் படிக்க முடியுமா என்று பாளையங்கோட்டை மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார். முடியும். லினக்ஸில் லிப்யூஎஸ்பி (யூஎஸ்பி சாதனங்களோடு பேச உதவும் நிரல் நூலகம்) போதும். யூஎஸ்பி கன்ட்ரோலர் கெர்னலிடமே இருக்கும். சேமிப்பு டிரைவரின் வேலையை மட்டும் நாம் வாங்கிக்கொள்கிறோம்.

முதலில் அன்மவுன்ட் செய்யுங்கள், அதாவது பென்டிரைவின் ஃபைல்களை லினக்ஸ் பிடியிலிருந்து விடுவியுங்கள். பாளையங்கால்வாய் மடையை ரெண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் திருகினால் வயல் என்னவாகும்? அதுதான் உங்கள் ஃபைல்களுக்கும். பிறகு கெர்னல் டிரைவரைக் கழற்றி, இன்டர்ஃபேஸை (பென்டிரைவின் சேமிப்பு வேலைக்கான இணைப்பு வாசல்) கைப்பற்றுங்கள். பிழை எண் -3 என்றால் அனுமதி இல்லை. -6 என்றால் பழைய டிரைவர் இன்னும் விடவில்லை. இன்டர்ஃபேஸின் புரோட்டோகால் எண் (எந்த முறையில் பேசும் என்பதைச் சொல்லும் எண்) 80 ஆக இருக்கவேண்டும். 98 என்றால் அது வேறு முறை, கீழே சொல்வது செல்லாது.

இனிதான் ருசியான இடம். கட்டளை 31 பைட் உறையில் போகிறது. உறையின் முதல் 15 பைட்டில் முகவரி விவரம், மீதி 16 பைட்டில் ஸ்கஸி (டிஸ்க்குகளிடம் பேசும் கட்டளை மொழி) கட்டளை. பெரிய டிஸ்க்குகளுக்காகப் பிறந்த அந்தப் பழைய மொழியைத்தான் விரல் நீளப் பென்டிரைவும் பேசுகிறது! ஆனால் உறை ஓர் எண்ணின் சின்ன பைட்டை (மதிப்பு குறைந்த இடத்தில் உள்ளதை) முதலில் எழுதும். உள்ளே இருக்கும் கட்டளை பெரிய பைட்டை (மதிப்பு கூடிய இடத்தில் உள்ளதை) முதலில் எழுதும். 2048-ஆம் பிளாக்கிலிருந்து (பிளாக் என்பது பென்டிரைவின் சேமிப்புத் துண்டு) 512 பைட் படிக்கவேண்டும் என்று வையுங்கள். பதினாறடிமான எண்களில், உறையில் நீளம் 00 02 00 00. உள்ளே பிளாக் எண் 00 00 08 00. உள்ளேயும் உறையைப் போலவே 00 08 00 00 என்று எழுதிவிட்டால், 524288-ஆம் பிளாக் வந்து நிற்கும். பிழைச் செய்தியே வராது. யாருடைய கல்யாண ஃபோட்டோவோ வரும். எழுதும் கட்டளையில் இதே தவறு நேர்ந்தால் அந்த ஃபோட்டோ போயே போச்சு. அதனால் பழகும்வரை படிக்க மட்டும் செய்யுங்கள்.

பதில் 13 பைட். கடைசி பைட் 0 என்றால் நலம், 1 என்றால் கட்டளை தோற்றது. காரணத்தைத் தனிக் கட்டளையால் கேட்கவேண்டும். நடுவில் பிழை எண் -9 வந்தால் குழாய் (தரவு போய்வரும் வழி) அடைத்துக்கொண்டது: அடைப்பை நீக்கிவிட்டு அந்த 13 பைட்டைப் படியுங்கள். படிக்காமல் அடுத்த உறையை அனுப்பினால் எல்லாம் குழம்பும்.

செருகியதும் முதல் கட்டளை தோற்று, காரணம் 6 என்று வரலாம். "இப்போதுதான் மின்சாரம் வந்தது" என்பதே அதன் பொருள். மறுபடி கேட்டால் சரியாகும். டவுண் பக்கம் சில கடைகளில் பென்டிரைவைக் கழற்றி, ஊதிவிட்டுச் செருகுகிறார்கள். வேலை செய்வது பெரும்பாலும் கழற்றிச் செருகியதுதான், வாய்க்காற்று அல்ல.

கொள்ளளவு கேட்டால் கடைசி பிளாக்கின் எண்தான் வரும்; ஒன்றைக் கூட்டுங்கள். முடித்ததும் இன்டர்ஃபேஸை விட்டு, கெர்னல் டிரைவரைத் திரும்ப மாட்டுங்கள். மறந்தால், பிடுங்கிச் செருகும்வரை பென்டிரைவ் திரையில் தெரியாது.