கார்ப்பரேட் கவர்னன்ஸ்: நிறுவன நிர்வாகமா, நிறுவன ஆளுகையா?

கார்ப்பரேட் கவர்னன்ஸ் என்னும் தொடரை வணிகச் செய்திகளில் பலர் 'நிறுவன நிர்வாகம்' என்று எழுதுகிறார்கள். படிக்க எளிதாக இருந்தாலும், அத்தொடர் எதைச் சொல்லப் பிறந்ததோ அதையே இந்த மொழிபெயர்ப்பு மறைத்துவிடுகிறது. ஆலையை ஓட்டுவது, ஆள் எடுப்பது, சரக்கு விற்பது, கடன் வாங்குவது ஆகியவை நிர்வாகம். அவற்றைச் செய்வோரை யார் அமர்த்துவது, யார் அவர்களிடம் கணக்குக் கேட்பது, தவறினால் யார் விலக்குவது என்பனவே கவர்னன்ஸ்.

கவர்னன்ஸ் என்பதன் வேர், கப்பலைச் செலுத்துதல் என்று பொருள்படும் 'கிபெர்னான்' என்ற கிரேக்கச் சொல். அது இலத்தீனில் 'குபெர்னாரே' ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கார்ப்பரேட் என்பது உடலைக் குறிக்கும் 'கார்ப்பஸ்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பலர் சேர்ந்து அமைத்ததைச் சட்டம் ஒரே ஆளாகக் கருதுவதால் அப்பெயர். கப்பலில் சரக்கேற்றியவர்கள் கரையில் இருக்க, சுக்கான் வேறொருவர் கையில் இருக்கிறது. பங்குதாரர், வைப்பாளர், ஓய்வூதியத்தை நம்பியிருக்கும் தொழிலாளி ஆகியோரின் நிலையும் இதுதான்.

இத்தொடர் 1970-களில் அமெரிக்காவில் வழக்குக்கு வந்தது. அதற்கு உலகறிந்த விளக்கத்தைத் தந்தது, பிரிட்டனில் தொழிலதிபர் ஏட்ரியன் கேட்பரி தலைமையிலான குழு 1992 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை. நிறுவனங்கள் எந்த முறைமையின் வழியாக இயக்கப்பட்டுக் கட்டுப்படுத்தப்படுகின்றனவோ அதுவே கார்ப்பரேட் கவர்னன்ஸ் என்றது அது. அக்குழு அமைக்கப்பட்டது 1991 மே மாதம். அவ்வாண்டு நவம்பரில் பதிப்பக அதிபர் ராபர்ட் மேக்ஸ்வெல் இறந்த பின்னர், அவருடைய நிறுவனங்களின் ஓய்வூதிய நிதியில் கோடிக்கணக்கான பவுண்டுகள் காணாமற்போனது தெரியவந்தது. ஒரே மனிதரிடம் எல்லா அதிகாரமும் குவியக்கூடாது, தணிக்கைக் குழுவில் நிர்வாகப் பொறுப்பில்லாத இயக்குநர்கள் இருக்க வேண்டும், விதியைக் கடைப்பிடிக்காத நிறுவனம் அதற்குக் காரணம் சொல்ல வேண்டும் என்ற அக்குழுவின் பரிந்துரைகள் ஏன் தேவைப்பட்டன என்பதை அந்த நிகழ்வே காட்டிவிட்டது.

ஆனால் விதி ஏட்டில் இருப்பது மட்டும் போதாது. அமெரிக்காவின் எரிசக்தி நிறுவனமான என்ரானில் நன்னடத்தை விதிகள் இருந்தன. இயக்குநர் குழுவும் இருந்தது. 1999-இல் அந்நிறுவனத்தோடு வணிகம் செய்யும் வெளிக் கூட்டுநிறுவனங்களை அதன் நிதித் தலைவரே நடத்துவதற்காக, இயக்குநர் குழு தன் விதியைத் தானே விலக்கி அனுமதி கொடுத்தது. விற்பவரும் வாங்குபவரும் ஒருவரே ஆனார். 2000-ஆம் ஆண்டில் அதன் தணிக்கை நிறுவனம் தணிக்கைக்காக சுமார் 2.5 கோடி டாலரும் பிற பணிகளுக்காக சுமார் 2.7 கோடி டாலரும் பெற்றது. கணக்கில் குறை கண்டுபிடிக்க வேண்டியவருக்கு, காணாமலிருப்பதில் அதிக ஆதாயம் இருந்தது. 2001 டிசம்பரில் என்ரான் திவாலானது. அதில் வேலை செய்தவர்கள் பலர், தம் ஓய்வுக்காலச் சேமிப்பை அதே நிறுவனத்தின் பங்குகளில் வைத்திருந்தார்கள். நம்பிக்கை இழப்பு என்று நாம் பொதுவாகச் சொல்வது, அவர்களுக்குக் கையிலிருந்த காசு போனதுதான்.

இனித் தமிழ்ச் சொல். இலங்கையில் வழங்கும் 'கூட்டாண்மை ஆளுகை' கருத்தளவில் சரியானதே. ஆயினும் பங்காளிகள் சேர்ந்து நடத்தும் தொழிலைக் கூட்டாண்மை என்று சொல்லிப் பழகிய தமிழ்நாட்டு வாசகர் அதைப் பிறழப் புரிந்துகொள்ளக்கூடும். 'பெருநிறுவன ஆளுகை' என்றால் சிறிய நிறுவனங்கள் விலகி நிற்கும். 'நிறுவன ஆளுகை' என்பதே பொருத்தமானது என்பேன். ஆள் என்னும் வேரிலிருந்துதான் ஆளுநர் என்ற சொல்லும் வந்தது. கவர்னருக்கு ஆளுநர் என்றால் கவர்னன்ஸுக்கு ஆளுகை என்பதில் புதுமை ஏதுமில்லை. நிறுவனத்தோடு வேறு தொடர்பில்லாத சார்பற்ற இயக்குநர், தவறைக் கண்டால் கண்டித்துச் சொல்ல வேண்டும்; அந்தக் கடமையைச் சொல்லவும் 'இடித்துரைத்தல்' என்ற பழஞ்சொல் நம்மிடம் இருக்கிறது.

'அந்த நிறுவனத்தின் நிர்வாகம் திறமையானது. ஆளுகைதான் பலவீனமானது' என்று எழுதிப் பாருங்கள். என்ரானைப் போன்ற ஒரு வீழ்ச்சியை விளக்க இந்த வாக்கியம் தேவைப்படுகிறது. இரண்டுக்கும் நிர்வாகம் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டால் இதை எழுதவே முடியாது.